சிகாகோ: விற்றதும் விற்காததும்

சிகாகோ என்றதும் நம்மவர்களுக்கு உடனே நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று, 1893-ல் விவேகானந்தர் ஆற்றிய சொற்பொழிவு. மற்றொன்று மே தினம். ஆங்கிலப் படம் பார்ப்பவர்களுக்கு மூன்றாவதாக அல் கபோன் என்ற தாதா நினைவுக்கு வருவார். மூன்றும் உண்மைதான். ஆனால் மூன்றையும் கூட்டினாலும் சிகாகோ கிடைக்காது!

அந்த ஊர் முதலில் ஒரு சந்தை. பிறகுதான் நகரம். இன்னும் விளையாத கோதுமையை விற்ற ஊர் அது. ஆடு, மாடு, பன்றிகளை எலும்பு, தோல், கொழுப்பு வரை ஒன்றுவிடாமல் காசாக்கிய ஊர். தரை போதவில்லை என்றதும் ஆகாயத்தை மாடி மாடியாக வாடகைக்கு விட்ட ஊர். இப்படி எல்லாவற்றுக்கும் விலை வைத்த ஊரில், ஒரே ஒரு இடம் மட்டும் விற்பனைக்கு வராமல் தப்பித்தது. அது எப்படித் தப்பித்தது? அதே ஊர் 2008-ல் எதை விற்றுக் கையைச் சுட்டுக்கொண்டது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பழைய கதை பார்க்க வேண்டும்.

வெங்காயத்தின் பெயரில் ஓர் ஊர்

மிச்சிகன் ஏரியின் தென்மேற்குக் கரையில் இருக்கிறது சிகாகோ. ஏரி என்றால் நம்ம ஊர் ஏரி மாதிரி நினைத்துவிடக் கூடாது. கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியாது. அலை அடிக்கும். தண்ணீர் உப்புக் கரிக்காது என்பதைத் தவிர மற்ற எல்லா வகையிலும் அது கடல்தான்.

இந்த ஏரியில் ஒரு சின்ன ஆறு வந்து விழும் இடத்தில் சதுப்பு நிலம். அதில் காட்டு வெங்காயம் மண்டிக் கிடந்தது. அதற்குப் பூர்வகுடி மக்கள் வைத்திருந்த பெயரைப் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் வாயில் நுழைந்தபடி சொல்ல, அதுவே ஊர்ப் பெயர் ஆனது.

வெளியிலிருந்து வந்து அங்கே நிலையாகக் குடியேறிய முதல் ஆள் என்று சொல்லப்படுபவர் ழான் பாப்டிஸ்ட் பாயின்ட் டு சாபிள். அவர் ஒரு கறுப்பின வணிகர். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் ஆற்றின் முகத்துவாரத்தில் வீடும் பண்ணையும் அமைத்து வியாபாரம் செய்தார். 1800-ல் எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போய்விட்டார். அவர் பெயரை ஏரிக்கரைப் பெருஞ்சாலைக்கு நகரம் சூட்டியது எப்போது தெரியுமா? 2021-ல்!

1833-ல் பொட்டவாட்டமி முதலான பூர்வகுடிகளிடம் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, அவர்களை மிசிசிப்பி நதிக்கு மேற்கே அனுப்பிவிட்டார்கள். நிலம் கைக்கு வந்ததும் மனை வியாபாரம் தொடங்கியது. கால்வாய் வரப்போகிறது என்ற பேச்சை நம்பியே சதுப்பு நிலம் கைமாறிக் கைமாறி விலை ஏறியது. 1837-ல் நாடு முழுவதும் பொருளாதார நெருக்கடி வந்தபோது எல்லாம் சரிந்தது. சிகாகோ நகரமாக அறிவிக்கப்பட்டதும் அதே 1837-ல்தான். அப்போது மக்கள் தொகை சுமார் 4,000. 1890-ல் 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒரு மனிதனின் ஆயுளுக்குள் ஒரு கிராமம் அமெரிக்காவின் இரண்டாவது பெரிய நகரமானது!

விளையாத கோதுமை

இந்த வளர்ச்சிக்குக் காரணம் 1848. அந்த ஒரே ஆண்டில் மூன்று விஷயங்கள் நடந்தன. ஏரியையும் மிசிசிப்பி நதியையும் இணைக்கும் 96 மைல் கால்வாய் திறக்கப்பட்டது. முதல் ரயில் ஓடியது. வணிகர்கள் கூடி சிகாகோ போர்டு ஆஃப் டிரேட் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள்.

அதுவரை கோதுமை சாக்கில் வந்தது. ஒவ்வொரு சாக்கும் இன்ன விவசாயியுடையது என்று அடையாளம் உண்டு. வாங்குபவர் சாக்கைப் பிரித்துப் பார்த்துத்தான் விலை பேச முடியும். ரயிலில் வண்டி வண்டியாகத் தானியம் வந்து குவிய ஆரம்பித்ததும் இது கட்டுப்படியாகவில்லை. உயரமான தானியக் கிடங்குகள் கட்டினார்கள். நீராவி இயந்திரத்தால் தானியத்தை மேலே ஏற்றிப் பெரிய தொட்டிகளில் கொட்டினார்கள். உன் கோதுமை, என் கோதுமை என்ற பேதம் போய், முதல் தரம், இரண்டாம் தரம் என்ற பிரிவு வந்தது. விவசாயிக்கு ஒரு ரசீது கொடுத்தார்கள். அந்த ரசீதைக் கொண்டுபோய் யார் கொடுத்தாலும் அதே தரத்தில் அதே அளவு கோதுமை கிடைக்கும்.

இங்கேதான் விஷயமே! ரசீதைக் கைமாற்றலாம் என்றால், கோதுமையைக் கண்ணால் பார்க்காமலேயே வாங்கி விற்கலாம். அடுத்த படி, இன்னும் வந்து சேராத கோதுமையையும் விற்கலாம். 1865-ல் போர்டு ஆஃப் டிரேட் இதற்கு முறையான விதிகள் வகுத்தது. இன்றைக்கு உலகம் முழுவதும் நடக்கும் முன்பேர வணிகத்தின் நவீன வடிவம் இப்படித்தான் பிறந்தது.

இதில் நன்மை உண்டு. அறுவடையின்போது விலை விழுந்துவிடுமோ என்று விவசாயிக்குப் பயம். ஏறிவிடுமோ என்று மாவு மில்காரருக்குப் பயம். இரண்டு பயங்களும் ஒன்றுக்கொன்று எதிரானவை. இருவரும் இன்றே ஒரு விலைக்கு ஒப்புக்கொண்டால் இருவருக்கும் நிம்மதி. இடையில் ஆதாயம் தேடி வரும் மூன்றாவது ஆள் அந்தப் பயத்தை விலைக்கு வாங்கிக்கொள்கிறார்.

ஆனால் மூன்றாவது ஆள் நல்லவராகவே இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 1955-ல் சிகாகோ மெர்க்கன்டைல் எக்ஸ்சேஞ்சில் இரண்டு வியாபாரிகள் சேர்ந்து கிட்டத்தட்ட மொத்த வெங்காயத்தையும் வளைத்தார்கள். பிறகு விலை விழும் என்று பந்தயம் கட்டிவிட்டுச் சரக்கைச் சந்தையில் கொட்டினார்கள். விலை எவ்வளவு விழுந்தது என்றால், வெங்காயத்தைவிட அதைப் போட்டு வைத்த சாக்கின் விலை அதிகம்! அவர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். விவசாயிகள் பலர் திவாலானார்கள். 1958-ல் அமெரிக்க அரசு வெங்காயத்தில் முன்பேர வணிகம் கூடாது என்று சட்டமே போட்டது. அந்தத் தடை இன்றும் இருக்கிறது. வெங்காயத்தின் பெயர் கொண்ட ஊரால் வெங்காயத்துக்கே தடை!

ஊரைத் தூக்கினார்கள், ஆற்றைத் திருப்பினார்கள்

சதுப்பு நிலத்தில் ஊரைக் கட்டியாயிற்று. சாக்கடை எங்கே போகும்? தரைமட்டம் ஏரி மட்டத்துக்குக் கொஞ்சம்தான் மேலே. கழிவுநீர் தெருவில் தேங்கியது. 1854-ல் காலரா வந்து நூற்றுக்கு ஐந்தாறு பேரைக் கொண்டுபோனது.

குழாய் புதைக்கத் தரையில் ஆழம் இல்லை. அதனால் தெருவின்மேல் குழாய் போட்டு, அதன்மேல் மண் கொட்டித் தெருவையே உயர்த்தினார்கள். அப்படியானால் கட்டடங்கள் பள்ளத்தில் போய்விடுமே? அவற்றையும் தூக்கினார்கள். நூற்றுக்கணக்கான ஜாக்கிகளை அடியில் வைத்து, ஆட்கள் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார்கள். 1861-ல் டிரெமான்ட் ஹவுஸ் என்ற ஆறு மாடிச் செங்கல் ஓட்டலை, உள்ளே விருந்தினர்கள் தங்கியிருக்கும்போதே தூக்கிவிட்டார்கள். இப்போது நம்ம ஊரில் சாலையைவிடத் தாழ்ந்துபோன வீடுகளை ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்களே, அதே வேலை. சிகாகோவில் அதை ஒரு நகரத்துக்கே செய்தார்கள்.

அப்புறமும் பிரச்சினை தீரவில்லை. சாக்கடை ஆற்றில் விழும், ஆறு ஏரியில் விழும், குடிநீர் எடுப்பதோ அதே ஏரியில். எனவே 28 மைலுக்கு ஒரு கால்வாய் வெட்டி, 1900 ஜனவரியில் ஆற்றின் ஓட்டத்தையே எதிர்த் திசைக்குத் திருப்பினார்கள். ஏரியில் விழுந்துகொண்டிருந்த ஆறு, ஏரியிலிருந்து புறப்பட ஆரம்பித்தது. பொறியியல் சாதனை என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். ஆனால் சாக்கடை மாயமாகிவிடவில்லை. மிசிசிப்பி வழியாகக் கீழே இருக்கும் செயின்ட் லூயிஸ் பக்கம் போனது. மிசௌரி மாநிலம் வழக்குப் போட்டது. தீங்கு நிரூபிக்கப்படவில்லை என்று 1906-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஒரு ஊரின் வரவு, இன்னொரு ஊரின் செலவு.

நெருப்பும் ஆகாயமும்

1871 அக்டோபர் 8 இரவு தீ பிடித்தது. 10-ம் தேதிதான் அடங்கியது. சுமார் 300 பேர் இறந்தார்கள். 17,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. ஒரு லட்சம் பேருக்கு வீடில்லை. ஓ'லியரி என்ற ஐரிஷ் பெண்மணியின் மாடு விளக்கை உதைத்ததால்தான் தீ என்று கதை கட்டினார்கள். வந்தேறி, ஏழை, பெண். பழி போட வேறென்ன வேண்டும்? 1997-ல் சிகாகோ நகர மன்றம் அந்த அம்மாவையும் மாட்டையும் குற்றத்திலிருந்து விடுவித்தது. 126 ஆண்டு தாமதம்!

அதே இரவில் பக்கத்து விஸ்கான்சின் மாநிலத்தின் பெஷ்டிகோ பகுதியில் காட்டுத்தீயில் 1,000-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அதை யாரும் பேசுவதில்லை. பெரிய ஊரின் துயரத்துக்குத்தான் பெரிய எழுத்து.

எரிந்த ஊரைத் திரும்பக் கட்டும்போது மனை விலை எகிறியது. பக்கவாட்டில் இடம் இல்லையென்றால் மேலேதானே போக வேண்டும்? 1885-ல் வில்லியம் லெ பாரன் ஜென்னி என்ற பொறியாளர், சுமையை இரும்புச் சட்டகம் தாங்கும் முறையில் 10 மாடி ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடத்தைக் கட்டினார். உலகின் முதல் வானளாவி என்று பலர் சொல்வது இதைத்தான். 1931-ல் அதையும் இடித்துவிட்டார்கள். பழசை வைத்துக்கொள்வது அந்த ஊரின் குணம் இல்லை.

எட்டு மணி நேரம்

1865 கிறிஸ்துமஸ் அன்று யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் என்ற மாபெரும் கால்நடைச் சந்தை திறக்கப்பட்டது. கொக்கியில் தொங்கும் விலங்கு நகர்ந்துகொண்டே வரும். ஒவ்வொரு தொழிலாளியும் ஒரே ஒரு வெட்டு மட்டும் வெட்டுவார். இப்படிப் பிரித்துப் போடும் வரிசையைப் பார்த்துத்தான் கார் பாகங்களை ஒன்று சேர்க்கும் வரிசை பற்றிய யோசனை கிடைத்தது என்று ஹென்றி ஃபோர்டு எழுதியிருக்கிறார். அந்தத் தொழிலாளர்களின் நிலையைக் காட்ட 1906-ல் அப்டன் சின்க்ளேர் 'தி ஜங்கிள்' நாவலை எழுதினார். படித்தவர்கள் தொழிலாளியை விட்டுவிட்டுத் தங்கள் தட்டில் இருந்த இறைச்சியைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள். அதே ஆண்டில் இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் வந்தது.

அதற்கு 20 ஆண்டு முன்பே தொழிலாளர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: எட்டு மணி நேர வேலை. 1886 மே 1 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. மே 3-ல் மெக்கார்மிக் ஆலை வாசலில் போலீஸ் சுட்டதில் தொழிலாளர்கள் இறந்தார்கள். அதைக் கண்டித்து மே 4 மாலை ஹேமார்க்கெட் சதுக்கத்தில் கூட்டம். முடியும் தறுவாயில் போலீஸ் வந்தது. யாரோ குண்டு வீசினார்கள். போலீஸ் சுட ஆரம்பித்தது. 7 போலீஸ்காரர்களும் பொதுமக்களில் சிலரும் இறந்தார்கள்.

குண்டு வீசியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ஆனால் 8 பேர் தண்டிக்கப்பட்டார்கள். 1887 நவம்பர் 11 அன்று 4 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். ஒருவர் அதற்கு முந்தைய நாள் சிறையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். மீதி 3 பேரை 1893-ல் ஆளுநர் ஆல்ட்கெல்டு விடுதலை செய்தார். விசாரணையே நியாயமாக நடக்கவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். அடுத்த தேர்தலில் தோற்றார்.

1890 முதல் பல நாடுகளில் மே 1 தொழிலாளர் தினமானது. 1923-ல் சென்னையில் சிங்காரவேலர் செங்கொடி ஏற்றி, இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். ஆனால் அமெரிக்காவில் அரசு விடுமுறையான தொழிலாளர் தினம் செப்டம்பரில்! பிறந்த வீட்டில் மட்டும் கொண்டாட்டம் இல்லை.

1893

1893-ல் கொலம்பஸ் வந்த 400-வது ஆண்டைக் கொண்டாட ஓர் உலகக் கண்காட்சி. வெள்ளை வெளேர் என்று மாளிகைகள், மின்விளக்குகள், 264 அடி உயர ராட்டினம். இன்று நம்ம ஊர் பொருட்காட்சியில் சுற்றும் ஜயன்ட் வீலுக்கு முன்னோடி அதுதான். ஃபெர்ரிஸ் என்ற பொறியாளர் கட்டியது. ஆறு மாதத்தில் 2 கோடியே 70 லட்சம் வருகைகள் பதிவாயின.

அந்தக் கண்காட்சியையொட்டி நடந்ததுதான் சர்வ சமயப் பேரவை. விவேகானந்தரை அங்கே அனுப்பி வைத்ததில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆசிரியராக இருந்த அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டினார்கள். செப்டம்பர் 11 அன்று அவர் பேசிய இடம் இன்றைய ஆர்ட் இன்ஸ்டிட்யூட் கலைக்கூடம். அதன் எதிரே உள்ள சாலைப் பகுதிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது.

ஆனால் அந்த வெள்ளை நகரத்தில் கறுப்பின அமெரிக்கர்களுக்கு உரிய இடம் தரப்படவில்லை. ஐடா பி. வெல்ஸ் என்ற பெண் பத்திரிகையாளர், அது ஏன் என்று கேட்டு ஒரு நூலை அச்சடித்துக் கண்காட்சியிலேயே விநியோகித்தார். எல்லா மதமும் ஒன்று என்ற பேச்சுக்குக் கைதட்டிய ஊரில், எல்லா நிறமும் ஒன்று என்பதற்குக் கைதட்டல் இல்லை. 2019 முதல் நகரின் முக்கியச் சாலை ஒன்று வெல்ஸ் பெயரில் இருக்கிறது.

தெற்கிலிருந்து வந்த பாட்டு

20-ம் நூற்றாண்டில் தென் மாநிலங்களின் கொடுமையிலிருந்து தப்பி லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் சிகாகோ வந்தார்கள். வேலை கிடைத்தது. வீடு கிடைக்கவில்லை. நகரின் தெற்கே ஒரு குறுகிய பட்டையில் அடைக்கப்பட்டார்கள். 1919 ஜூலையில் ஏரியில் மிதந்துகொண்டிருந்த ஒரு கறுப்பினச் சிறுவன், கண்ணுக்குத் தெரியாத எல்லையைத் தாண்டிவிட்டான் என்று கல்லெறியப்பட்டு இறந்தான். தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் பலி.

அந்த மக்கள் தங்களோடு பாட்டையும் கொண்டு வந்தார்கள். 1943-ல் மிசிசிப்பியிலிருந்து வந்த மடி வாட்டர்ஸ், நகரத்து இரைச்சலில் சாதா கிட்டார் கேட்காது என்று மின்சாரக் கிட்டாருக்கு மாறினார். சிகாகோ புளூஸ் என்ற இசை வடிவத்தின் முகமானார். பின்னால் வந்த ராக் இசைக்கு அதுதான் தாய்வீடு. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு தன் பெயரை எடுத்ததே அவருடைய ஒரு பாட்டிலிருந்துதான்.

இசை உலகம் சுற்றியது, பகுதிகள் அப்படியே இருந்தன. 1995 ஜூலையில் வெப்ப அலை அடித்தபோது சிகாகோவில் 700-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அவர்களில் பலர் முதியவர்கள், ஏழைகள், தனியாக வசித்தவர்கள். திருட்டுப் பயத்தில் ஜன்னலைக்கூடத் திறக்காமல் இருந்தவர்களும் உண்டு. வானளாவிகள் நிற்கும் ஊரில் ஒரு மின்விசிறியும், எட்டிப் பார்க்க ஒரு அண்டை வீட்டுக்காரரும் இல்லாமல் மனிதர்கள் செத்தார்கள்.

வந்து சேர்ந்தவர்கள்

அல் கபோனைப் பற்றி ஒரு வரி. கள்ளச்சாராயம், கொலை என்று எதிலும் அவரைப் பிடிக்க முடியவில்லை. 1931-ல் வருமான வரி கட்டாத வழக்கில் 11 ஆண்டு தண்டனை கிடைத்தது. துப்பாக்கியால் முடியாததைக் கணக்குப் புத்தகம் செய்தது!

சிகாகோவின் உயரத்துக்குப் பின்னால் ஒரு வங்காளி இருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. டாக்காவில் 1929-ல் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான். ஒன்பது சதுரக் குழாய்களைக் கட்டாகக் கட்டி நிறுத்துவது போன்ற அமைப்பை உருவாக்கி, 1,451 அடி உயர சியர்ஸ் டவருக்கு உயிர் கொடுத்தவர் அவர். 110 மாடி. 1998 வரை உலகிலேயே உயரமான கட்டடம். 2009 முதல் அதன் பெயர் வில்லிஸ் டவர்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1937 முதல் பணியாற்றியவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரி மாணவர். 1983-ல் நோபல் பரிசு. அதே பல்கலைக்கழகத்தில் 1960-களிலிருந்து 1993-ல் மறையும் வரை இருந்த ஏ.கே.ராமானுஜன், குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1967-ல் வெளியிட்டார். சங்கப் பாடல்களை அமெரிக்க வாசகர்கள் பலர் முதலில் அறிந்தது அந்த நூல் வழியாகத்தான்.

ஒருவர் போட்ட வழக்கு

இப்போது முதல் கேள்விக்கு வருவோம்.

1836-ல் மனை பிரித்து விற்றபோது, ஏரிக்கரையில் ஒரு துண்டு நிலத்தில் இது பொது இடம், என்றைக்கும் கட்டடம் எதுவும் இல்லாமல் திறந்தே இருக்க வேண்டும் என்று வரைபடத்தில் எழுதி வைத்தார்கள். யாரோ ஒரு அதிகாரி எழுதிய ஒரு வரி. 1871 தீயின் இடிபாடுகளை அங்கே ஏரியில் கொட்டியதில் நிலம் இன்னும் விரிந்தது. நிலம் விரிந்தால் ஆசையும் விரியும் அல்லவா? குப்பைமேடு, கொட்டகைகள் என்று ஆக்கிரமிப்பு. அப்புறம் பெரிய பெரிய கட்டடத் திட்டங்கள்.

ஏரன் மான்ட்கோமரி வார்டு என்பவர் குறுக்கே நின்றார். அவர் போராளி அல்ல, வியாபாரி. 1872-ல் தபால் மூலம் பொருள் விற்கும் தொழிலைத் தொடங்கி, கிராமத்து விவசாயிக்கும் நகரத்து விலையில் சாமான் கிடைக்கச் செய்தவர். அவர் அலுவலகம் அந்த நிலத்துக்கு எதிரே இருந்தது. 1890-ல் வழக்குப் போட்டார். சுமார் 20 ஆண்டுகள் நடத்தினார். மாநில உச்ச நீதிமன்றம் வரை நான்கு முறை போனது, நான்கு முறையும் அவர் பக்கம் தீர்ப்பு. ஊர்ப் பெரிய மனிதர்களும் பத்திரிகைகளும் அவரை வளர்ச்சிக்கு எதிரி என்றார்கள். அருங்காட்சியகம் கட்டுவது நல்ல காரியம்தானே என்றார்கள். பணக்காரர்களுக்காக அல்ல, சிகாகோவின் ஏழைகளுக்காகத்தான் போராடுகிறேன் என்பது அவர் பதில். அலுவலக ஜன்னல் காட்சியும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். இருக்கட்டுமே! சுயநலமும் பொதுநலமும் ஒரே பக்கம் நிற்பது அபூர்வம், நின்றால் அது ஊருக்கு லாபம்.

அந்த நிலம்தான் இன்றைய கிராண்ட் பார்க். அந்தத் தீர்ப்பின் நிழல் இன்னும் நீள்கிறது. 'ஸ்டார் வார்ஸ்' இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் ஏரிக்கரையில் சொந்தச் செலவில் அருங்காட்சியகம் கட்ட முன்வந்தார். பூங்கா ஆர்வலர்கள் வழக்குப் போட, 2016-ல் திட்டத்தைக் கைவிட்டு லாஸ் ஏஞ்சலஸ் போய்விட்டார். பல கோடி டாலர் போயிற்று என்று புலம்பியவர்கள் உண்டு. கரை மிஞ்சியது.

75 ஆண்டுக் குத்தகை

இரண்டாவது கேள்வி. 2008 டிசம்பரில் பட்ஜெட்டில் துண்டு விழுந்தது. தெருவோர வாகன நிறுத்தக் கட்டண மீட்டர்கள் சுமார் 36,000-ஐ 75 ஆண்டுகளுக்கு ஒரு தனியார் கூட்டமைப்புக்குக் குத்தகைக்கு விட நகரம் முடிவு செய்தது. தொகை சுமார் 115 கோடி டாலர். மன்ற உறுப்பினர்களுக்குப் படிக்கப் போதிய அவகாசம் கொடுக்காமல், 40-க்கு 5 என்று நிறைவேறியது.

75 ஆண்டு வருமானத்தின் இன்றைய மதிப்பு என்ன என்பது பி.காம். மாணவனுக்குப் பரீட்சையில் வரும் கணக்கு. அதை நகரம் சரியாகப் போடவில்லை. குறைந்தது 97 கோடி டாலர் குறைவாக விற்றுவிட்டார்கள் என்று 2009-ல் நகரத்தின் தலைமை ஆய்வாளர் அறிக்கை கொடுத்தார். வந்த பணத்தில் பெரும்பகுதி சில ஆண்டுகளிலேயே செலவாகிவிட்டது. முதலீடு செய்தவர்கள் போட்ட பணத்தை எடுத்தாயிற்று. குத்தகை முடிவது 2080-களில்!

பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. ஒரு தெருவைத் திருவிழாவுக்காக மூடினாலோ, சைக்கிள் பாதை போட்டாலோ, மீட்டர் வருமானம் குறைந்ததற்கு நகரம் ஈடு கட்ட வேண்டும். அதாவது தன் தெருவைத் தான் பயன்படுத்தத் தானே வாடகை! இன்று பிறக்கும் குழந்தை ஓய்வு பெறும் வயதை நெருங்கும்போதுதான் அந்தத் தெருவோரம் ஊருக்குத் திரும்பும்.

1836-ல் ஒரு வரி எழுதியவர்கள், பிறக்காத தலைமுறைக்காக ஒன்றை விட்டு வைத்தார்கள். 2008-ல் கையெழுத்துப் போட்டவர்கள், பிறக்காத தலைமுறையின் பங்கை எடுத்துச் செலவழித்தார்கள். விளையாத கோதுமையை விற்கலாம், விவசாயி உடன்பட்டு விற்கிறான். பிறக்காதவர்களின் தெருவை விற்க யார் உடன்பட்டார்கள்?

விற்பது தவறில்லை. விற்காமல் சிகாகோவே இல்லை. எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்று முன்கூட்டியே எழுதி வைப்பதும், எழுதியதை நினைவூட்ட ஒருவராவது இருப்பதும் முக்கியம். ஏரி, குளம், கடற்கரை, விளையாட்டுத் திடல் உள்ள எந்த ஊருக்கும் இது பொருந்தும்.

சிகாகோ போகிறவர்கள் பார்க்க நிறைய உண்டு. 2009-ல் வில்லிஸ் டவரின் 103-வது மாடியில் வைத்த கண்ணாடிப் பெட்டியில் நின்று கீழே பார்க்கலாம். மும்பையில் பிறந்த அனிஷ் கபூர் செய்த, அவரைக்கொட்டை வடிவிலான பளபளக்கும் எஃகுச் சிற்பத்தில் முகம் பார்க்கலாம். ஆற்றில் படகில் போய்க் கட்டடங்களை ரசிக்கலாம். 1892 முதல் ஓடும் உயர்பாலத்து ரயிலில் தடதடவென்று சுற்றலாம். டெவான் அவென்யூவில் தோசை சாப்பிடலாம்.

இவற்றில் பலவற்றுக்கு டிக்கெட் உண்டு. கோடை மாலையில் ஏரிக்கரைக்குப் போய் உட்கார மட்டும் டிக்கெட் கிடையாது. குழந்தைகள் ஓடும், யாரோ கிட்டார் வாசிப்பார்கள், காற்று சும்மா வரும். அந்தச் 'சும்மா'வுக்குப் பின்னால் 20 ஆண்டு வழக்கு இருக்கிறது.